அடுத்த தெருவில் நடந்த கொலை

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், கொலைக் கதை இருக்கா?" கேட்கிறார்களே என்று வாங்கி வைத்தேன். கையில் கொடுப்பதற்கு முன் நானே ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று தொடங்கினேன். இப்போது புதுப் புத்தகக் கட்டு வந்தால் அவர்களோடு நானும் காத்திருக்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது படித்த துப்பறியும் கதைகளில் துப்பறிவாளர் வெளியூரிலிருந்து காரில் வருவார். கொலைகாரனைப் பிடித்து ஒப்படைப்பார். கடைசிப் பக்கத்தில் காரேறிப் போய்விடுவார். அந்த ஊர் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. இன்று இளையோருக்காக எழுதப்படும் மர்ம நாவல்களில் துப்புத் துலக்குகிற பிள்ளை அந்த ஊரிலேயே குடியிருக்கிறது. உண்மை வெளியே வந்த மறுநாள் காலையிலும் அதே தெருவில்தான் பால் வாங்கப் போகவேண்டும். சந்தேகத்துக்கு உரியவன் கூடப் படிக்கிறவனாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த நாவல்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஹாலி ஜாக்சன் எழுதிய 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' 2019இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஐந்து வருடத்துக்கு முன் ஆண்டி பெல் என்ற மாணவி காணாமல் போனாள். அவளைக் கொன்றது காதலன் சல் சிங்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவனும் உயிரோடு இல்லை. பிப் என்ற பெண் பள்ளி ப்ராஜெக்ட் என்று சொல்லி அந்த வழக்கைத் திரும்பத் தோண்டுகிறாள். பேட்டிகள், வரைபடம், சந்தேகப் பட்டியல் என்று அவளுடைய நோட்டுப் புத்தகத்தையே நாம் புரட்டுகிற மாதிரி கதை நகர்கிறது. பிள்ளைகள் அதில்தான் மயங்குகிறார்கள்.

எனக்கு மறக்காமல் நிற்பது சல்லின் வீடு. தம்பி ரவியும் பெற்றோரும் ஊர் முழுவதன் வெறுப்பையும் சுமந்துகொண்டு அங்கேயே வாழ்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பல வருடத்துக்கு முன் எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுப் பையன் மேல் திருட்டுப் பழி விழுந்தது. சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நின்றபடியே நாங்கள் நாலு பேர் பேசித் தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. அவன் எடுக்கவில்லை என்று தெரிந்தபோது அவர்கள் வீட்டைக் காலி செய்து போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ரவி வரும் பக்கங்களில் எனக்கு அந்தப் பையனின் அம்மா முகம்தான் வந்து நின்றது. கொலை செய்தவர் யார் என்பதைவிட, செய்யாதவர் மேல் சொன்ன சொல்லை யார் திரும்ப எடுப்பது என்று இந்த நாவல் கேட்கிறது. பதினாறு வயதில் இந்தக் கேள்வியைப் படித்திருந்தால் அன்று அந்தக் கடையில் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

இதே புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பில் ஊரையே மாற்றிவிட்டார்கள். அங்கே கதை கனெக்டிகட் மாநிலத்தில் நடக்கிறது. இது தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. வேற்று நாட்டு ஊர்ப் பெயரைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று யார் சொன்னது? சேலத்துப் பிள்ளைகள் வெர்மான்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே அந்த மாநிலத்துக் கதையைப் படித்துவிட்டுத் தூங்காமல் வருகிறார்கள்.

அந்த வெர்மான்ட் கதை மௌரீன் ஜான்சனின் 'ட்ரூலி டீவியஸ்'. மலைமேல் ஒரு விடுதிப் பள்ளி. அதை நிறுவியவரின் மனைவியும் மகளும் 1936இல் கடத்தப்பட்ட வழக்கு தீராமல் கிடக்கிறது. அதைத் தீர்க்கவென்றே அங்கு படிக்க வருகிறாள் ஸ்டீவி. அவளுக்கு அடிக்கடி பதற்றம் வந்து மூச்சு முட்டும். அதை ஒரு குறையாகவோ வீரமாகவோ ஆக்காமல், மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி வேலையைப் பார்க்கிற பெண்ணாக எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பரீட்சை நேரத்தில் இதே பதற்றத்தோடு என் மேசைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இந்தப் புத்தகத்தைத்தான் கொடுக்கிறேன். ஆனால் முதல் புத்தகம் முடிச்சை அவிழ்க்காமலே முடிகிறது. 1936ஆம் வருட வழக்கு தீர 2020இல் வந்த மூன்றாம் புத்தகம் வரை போகவேண்டும். நூலகத்துக்கு மூன்று பாகமும் வாங்கப் பணம் இல்லாத வருடத்தில் முதல் பாகத்தை மட்டும் வைத்திருந்தேன். பிள்ளைகள் என்னை மன்னிக்கவே இல்லை.

அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏற்காடுதான் தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அங்கேயும் பழைய விடுதிப் பள்ளிகள். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலிருந்து நடக்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற ஆள் தெரியாது. மலைக்குப் போகும் சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. 1950லேயே 'திகம்பர சாமியார்' என்ற துப்பறியும் படத்தை எடுத்த நிறுவனம் அது. மர்மக் கதை சேலத்துக்கு நேற்று வந்த சரக்கு இல்லை.

ஜெனிஃபர் லின் பார்ன்ஸின் 'தி இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்' பற்றி என் மாணவிகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முன்பின் தெரியாத ஒரு பணக்காரர் தன் சொத்தை ஓர் ஏழைப் பெண்ணுக்கு எழுதி வைக்கிறார். மாளிகை முழுக்க ரகசியக் கதவு, விடுகதை. ஒரே ராத்திரியில் படித்துவிடலாம். ஆனால் அந்த மாளிகைக்கு வெளியே ஓர் ஊர் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஏஞ்சலின் பூலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' இதற்கு நேர் எதிர். 2021இல் வந்தது, 2022இல் இளையோர் நூலுக்கு அமெரிக்காவில் தரும் பிரின்ட்ஸ் விருது பெற்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கனடா எல்லையோரம், ஒஜிப்வே பழங்குடி மக்கள் நடுவே கதை. டானிஸுக்கு 18 வயது. அப்பா ஒஜிப்வே, அம்மா வெள்ளைக்காரர். இரண்டு பக்கத்திலும் அவள் முழுதாகச் சேர்த்தி இல்லை. ஊருக்குள் போதைமருந்து பரவிச் சாவு விழுகிறது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவளை உளவு சொல்லக் கேட்கிறது. அவளுக்கு வேதியியலும் தெரியும், தன் மக்களின் மூலிகையும் தெரியும். தான் சொல்கிற உண்மையால் வழக்கு ஜெயிக்குமா, தன் மக்கள் பிழைப்பார்களா என்று தவிக்கிறாள். இரண்டும் ஒன்றில்லை என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிடுகிறது. இந்த வகையில் நான் படித்தவற்றில் இதைவிட உயர்ந்தது வேறில்லை. பாதி வரை மெதுவாகத்தான் போகும், பொறுத்துப் படியுங்கள்.

மாயக் கதைகளுக்கும் நான் இதே உரைகல்லைத்தான் வைக்கிறேன். மந்திரம் எந்த மண்ணிலிருந்து முளைக்கிறது? டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' 2018இல் வந்தது. மந்திரத்தை ஒடுக்க ஓர் அரசன், செலி என்ற பெண்ணின் தாயைப் போன்றவர்களைக் கொல்கிறான்; செலி அந்த மந்திரத்தை மீட்கக் கிளம்புகிறாள். அதில் வரும் காதல் என்னை நம்பவைக்கவில்லை, ஓட்டமும் அதிகம். ஆனாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுடைய தெய்வங்கள் தங்கள் பெயரோடு வந்து நிற்கும்போது புத்தகம் தலைநிமிர்கிறது.

நம் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. கண்டவரை மயக்கும் கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்கள் பாடியிருக்கின்றன. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் இந்த மலைக்கு வர, மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்களாம். சேர்வராயன் கோயில் கருவறையே இருட்டுக் குகை. ஒரு நாவலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதை வகுப்பில் சொன்னேன். மலைமேல் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண், அடுத்த வாரம் இரண்டு தாள் எழுதிக்கொண்டு வந்தாள். தமிழில்தான். குகைக்குள் போன தன் தாத்தாவைத் தேடி ஒரு பெண் போகிறாள். உள்ளே யாரோ அவளை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் தாள் முடிந்துவிட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"காப்பிப் பழம் பறிக்க வீட்டுக்குப் போறேன் மிஸ். போனா பாட்டிகிட்ட கேட்டுட்டு வந்து எழுதறேன்."

வணக்கம்.