ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்தே பேசிவிட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, மேடைக்கு வரவே மாட்டேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பி, மழையிலும் வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த செயலாளருக்குத் தனி நன்றி.

பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர்களைத் திருப்பி விரட்டிய கதையை மூன்று ஊர்களில் வைத்துச் சொல்லப் போகிறேன்: லிவர்பூல், பாஸ்டன், இன்றைய நியூயார்க். 'ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார், நான் யார்' என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை, உங்களுக்கே தெரியும். இன்றைக்கு நிஜமாகவே பொருந்துகிறது.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பசியிலும் காய்ச்சலிலும் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்குப் பேர் கப்பலேறினார்கள். பக்கத்துத் துறைமுகம் இங்கிலாந்தின் லிவர்பூல். 1801இலிருந்து இரண்டு நாடும் ஒரே ராஜ்ஜியம், சட்டப்படி அவர்கள் அந்நியரே இல்லை. இருந்தும் 1847இல் மட்டும் லிவர்பூலிலிருந்து சுமார் 15,000 ஏழைகளைத் திருப்பி அனுப்பினார்கள். செய்த குற்றம், நிவாரணம் கேட்டது. கால்வாய் வெட்டவும் ரயில் பாதை போடவும் ஆள் வேண்டியபோது அண்ணன் தம்பி, கஞ்சி கேட்டால் நீ யார்? ஒரே ஊரில் ஐந்து ஆண்டு குடியிருந்தவரை அனுப்பக் கூடாது என்று 1846இல் ஒரு விதி வந்தது, சரி, நேற்று இறங்கியவன் ஐந்து ஆண்டுக்கு எங்கே போவான்?

அடுத்து அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன். அங்கே ஒரு கட்சி, ரகசியச் சங்கமாக ஆரம்பித்தது. சங்கத்தைப் பற்றி யார் கேட்டாலும் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றுதான் உறுப்பினர் சொல்ல வேண்டும். ஊர் அதையே பெயராக்கிவிட்டது, 'ஒன்றும் தெரியாது' கட்சி! சிரிக்காதீர்கள், 1854 தேர்தலில் மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவியையே பிடித்தார்கள். வந்தேறிகளில் ஏழைகளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்த மாநிலத்தில் முன்பே உண்டு, இவர்கள் அதற்கு வேகம் கூட்டினார்கள்.

1855 மே மாதம். அரசு நடத்திய ஏழையர் விடுதியில் ஓர் அயர்லாந்துப் பெண், கையில் பால் குடிக்கும் குழந்தை. குழந்தை பிறந்ததோ அமெரிக்க மண்ணில். தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கப்பலேற்றிவிட்டார்கள். கப்பலின் பெயர் டேனியல் வெப்ஸ்டர். யார் அவர்? அதே மாநிலத்தின் செனட்டர், அமெரிக்காவின் மாபெரும் மேடைப் பேச்சாளர், சுதந்திரத்தைப் பற்றி அவர் 1830இல் பேசியதைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மேடையே கதி என்று கிடக்கிற எனக்கு இது ரொம்ப உறுத்துகிறது. சரி, கப்பல் எங்கே போனது? அயர்லாந்துக்கா? இல்லை ஐயா, லிவர்பூலுக்கு! எந்த லிவர்பூல்? சற்று முன் சொன்னேனே, வந்தவர்களைத் துரத்திய அதே லிவர்பூல்! பாஸ்டன் பத்திரிகைகளில் பெரிய சண்டையே மூண்டது. மூண்டு என்ன, கப்பல் போய்விட்டதே.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் அவள் பக்கம் பேச ஒரு வக்கீல் இருந்திருந்தால்? இதைத்தான் நான் மூன்று வருடமாக ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டவராக இருக்கட்டும், வெளியேற்றும் முன் வக்கீலோடு ஒரு விசாரணை வேண்டும்.

நியூயார்க்குக்கு வருவதற்குள் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். ஒன்றே ஒன்று. விசா இல்லாமல் 90 நாளுக்கு அமெரிக்கா போகும் வசதி அயர்லாந்துக்காரர்களுக்கு உண்டு. ஆனால் அப்படிப் போகிறவர், பிறகு வெளியேற்றினால் அதை எதிர்த்து வாதாடும் உரிமையை, புகலிடம் கேட்பது நீங்கலாக, முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார். படகில் ஏறும்போதே 'நீ யார், நான் யார்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்!

இந்த விசாரணைக் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா நீங்களே கொண்டுபோங்கள், போன கூட்டத்தில் வைத்த மூன்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.