பசுமைப் பட்டியலில் முதலிடம், நட்புப் போட்டிக்கு மெல்பர்ன்: கால்பந்துக் கிளப்பின் கார்பன் கணக்கை எப்படிப் பார்ப்பது?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்கிறார்: “இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்புகளுக்குச் சுற்றுச்சூழல் தரப்பட்டியல் ஒன்று வருகிறதே, அதில் டாட்டன்ஹாம் பலமுறை முதலிடத்தில் இருந்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கிளப்தான் குறைவாகக் கார்பன் வெளியிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?”

எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்போர்ட் பாசிட்டிவ் என்ற அமைப்பு 2019 முதல் அந்தப் பட்டியலைப் போடுகிறது. மின்சாரம் எங்கிருந்து வாங்குகிறீர்கள், குப்பையை என்ன செய்கிறீர்கள், இறைச்சியில்லாத சாப்பாடு கிடைக்குமா, ரசிகர்கள் ரயிலிலோ சைக்கிளிலோ வர ஏற்பாடு உண்டா என்று தலைப்பு தலைப்பாகப் புள்ளி கொடுக்கிறார்கள். எடுத்த முயற்சிக்குத்தான் மார்க். மொத்தம் எத்தனை டன் என்பதை வைத்து யாரையும் வரிசைப்படுத்துவதில்லை.

டாட்டன்ஹாம் நிஜமாகவே நிறையச் செய்கிறது. பீர் கப்பைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், குப்பை எதையும் மண்ணில் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. அதே கிளப் 2024 மே மாதம் என்ன செய்தது? 19ஆம் தேதி லீக் முடிந்தது. 22ஆம் தேதி மெல்பர்னில் நியூகாசில் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கிளப்புடன் ஒரு நட்புப் போட்டி. லண்டனிலிருந்து அங்கே போக மட்டும் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். கோப்பையும் இல்லை, புள்ளியும் இல்லை. சந்தைக்காக ஒரு ஆட்டம். அந்தப் பயணத்துக்குப் பக்கத்தில் பீர் கப்பை வைத்துப் பாருங்கள்.

சரி, அப்போது எதைத்தான் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது, கணக்கின் எல்லையை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதை. உமிழ்வை மூன்று ஸ்கோப்பாகப் பிரிப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கிளப்பே எரிக்கும் எரிவாயு, டீசல் முதல் ஸ்கோப். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மீதி எல்லாம் மூன்றாவது: ஆட்டக்காரர்களின் விமானம், கடையில் விற்கும் ஜெர்சி, சாப்பாடு, ரசிகர்களின் பயணம். முதல் இரண்டை மட்டும் காட்டிவிட்டு “பாதியாகக் குறைத்துவிட்டோம்” என்று அறிக்கை விடுவது சுலபம். மின்சார ஒப்பந்தத்தை மாற்றினாலே பெரும்பகுதி இறங்கிவிடும்.

பெரிய சுமை ரசிகர்களின் பயணத்தில் இருக்கிறது. ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். 60,000 பேர் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் காரில், காருக்கு மூன்று பேர். 10,000 கார். போக வர 100 கிலோமீட்டர், கிலோமீட்டருக்குச் சுமார் 170 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஒரே ஆட்டத்துக்கு 170 டன். சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் மட்டும் 19. அதாவது 3,230 டன். ரசிகர் பயணக் கணக்கு இல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றுதான் சொல்வேன்.

இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸைப் பற்றியும் பலர் கேட்பீர்கள். உலகின் மிகப் பசுமையான கிளப் என்று ஃபிஃபாவே சொன்ன கிளப். 2015 முதல் மைதானத்தில் முழுக்க வீகன் சாப்பாடு, அதாவது இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. எனக்கும் பிடித்த கிளப்தான். ஆனால் நெய்ல்ஸ்வொர்த் என்ற அந்தச் சிறிய ஊரில் ரயில் நிலையமே கிடையாது, மைதானமோ குன்றின் மேல். ரசிகர் எப்படி வருவார்? பெரும்பாலும் காரில்தான். ஜெர்மனியில் பல கிளப்புகளின் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினாலே அன்றைக்கு உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். சூரியத் தகடு மாதிரிப் படம் எடுத்துப் போட முடியாது, அதனால் செய்தியில் வராது. என் பார்வையில் தகட்டைவிட அந்த டிக்கெட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அணியின் விமானப் பயணம் அளவில் ரசிகர்களின் பயணத்தைவிடச் சிறியது, ஆனால் முழுக்க கிளப்பின் கையில் இருப்பது. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டே மாதத்தில் நடந்த 100 பிரீமியர் லீக் ஆட்டங்களை பிபிசி ஆராய்ந்தது. உள்நாட்டுக்குள்ளேயே 81 விமானங்கள், சிலது அரை மணி நேரம்கூடப் பறக்கவில்லை. இங்கிலாந்தின் அளவுக்கு இது கொஞ்சம் ஓவர்.

இன்னொரு சிக்கல், ஜெயித்தால் உமிழ்வு ஏறும். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 முதல் மொத்த ஆட்டங்கள் 125இலிருந்து 189 ஆகிவிட்டன. அங்கே தகுதி பெற்ற கிளப்பையும் பெறாத கிளப்பையும் மொத்த டன்னை வைத்து ஒப்பிட்டால் நியாயமாக இருக்காது. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு, ஒரு பார்வையாளருக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். அதற்காக மொத்தத்தை விட்டுவிடவும் கூடாது, வானம் சராசரி பார்ப்பதில்லை.

அப்புறம், “கார்பன் நியூட்ரல்”, அதாவது நிகர உமிழ்வு பூஜ்ஜியம் என்று போட்டிருந்தால், குறைத்தார்களா அல்லது வேறெங்கோ பணம் கொடுத்து ஈடு கட்டினார்களா என்று பிரித்துப் பாருங்கள். 2022 கத்தார் உலகக்கோப்பை கார்பன் நியூட்ரல் என்று ஃபிஃபா விளம்பரம் செய்தது தவறாக வழிநடத்துவது என்று சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்கு ஆணையம் 2023இல் சொல்லிவிட்டது.

இப்போதைக்கு எல்லாக் கிளப்பும் ஒரே அளவுகோலில் கணக்குக் காட்டுவதில்லை. 2025-26 சீசன் முடிவதற்குள் ஒவ்வொரு கிளப்பும் உமிழ்வுத் தரவைத் தொகுக்க வேண்டும் என்று பிரீமியர் லீக் கிளப்புகள் 2024இல் ஒப்புக்கொண்டன. எல்லோரும் ஒரே எல்லைக்கோட்டுக்குள் எண்ணினால்தான் அதை வைத்து வரிசைப்படுத்த முடியும். ஜெர்சியில் விமான நிறுவனத்தின் பெயரைப் போடுவதை எந்த ஸ்கோப்பில் சேர்ப்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வழக்கமான கணக்கில் அதற்கு இடமே இல்லை. டன்னாக மாற்றுவதும் கஷ்டம். ஆனால் மார்க் போடும் பட்டியலில் அதற்குக் கழித்தல் புள்ளி தரலாம், நானாக இருந்தால் தருவேன்.