கல்லா ஒண்ணு, ஆள் ரெண்டு: சுவிட்ச்ல விஆர்ஆர்பி அமைக்கிறது எப்படி?

(திரையில்: மதுரை விளக்குத்தூண் பக்கம், தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டம்)

வணக்கம். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், அங்கிட்டும் இங்கிட்டும் நகர இடம் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு, நான் நெட்வொர்க் பாத்துக்கிற ஒரு ஜவுளிக்கடையில இருந்து போன் வந்துச்சு. "அண்ணே, பில்லு போட மாட்டேங்குது. எல்லாக் கவுண்டரும் சுத்திக்கிட்டே நிக்குது."

மூணு மாடி, 14 கவுண்டர். போய்ப் பாத்தா நடு சுவிட்ச்சோட பவர் சப்ளை போயிருச்சு. ஸ்பேர் சுவிட்ச் கடையிலேயே இருந்துச்சு, ஆனா அட்டைப்பெட்டிக்குள்ள இருந்துச்சு. அதைப் பிரிச்சு, கான்ஃபிக் ஏத்தி, கேபிளை எல்லாம் மாத்தி முடிக்க ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. வரிசையில நின்னவங்கள்ல நிறையப் பேர் உசிலம்பட்டி, திருமங்கலத்துல இருந்து வந்தவங்க. புள்ளைகளுக்கு எடுத்த துணியை அப்படியே மேசையில வச்சுட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாங்க. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணுலயே நிக்குது. அதனாலதான் இந்த வீடியோ: ஒரு சுவிட்ச் போனா இன்னொண்ணு தானா அந்த வேலையை எடுத்துக்கிற விஆர்ஆர்பிங்கிற ஏற்பாட்டைப் பத்தி.

முதல்ல, ஒரு சுவிட்ச் போனா ஏன் மொத்தக் கடையும் நிக்குது? பில்லிங் கவுண்டர் எல்லாம் ஒரு வி-லான்ல, அதாவது நெட்வொர்க்குக்குள்ள பிரிச்ச ஒரு தனிப் பகுதியில இருக்கு, அதோட நம்பர் 10-ன்னு வைங்க. சர்வர் இன்னொரு வி-லான்ல இருக்கு. கார்டு மெஷினும் யுபிஐயும் இன்டர்நெட்டுக்குப் போகணும். வி-லானை விட்டு வெளிய போற எந்தப் பாக்கெட்டும் கேட்வேங்கிற வாசல் வழியாத்தான் போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் கேட்வேக்கு ஒரே ஒரு முகவரிதான் எழுதியிருக்கும். அந்த முகவரி இருந்த சுவிட்ச் செத்தா, பக்கத்துல நல்ல சுவிட்ச் நின்னாலும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

கடைத்தெரு வழக்கத்தையே எடுத்துக்கங்க. வர்றவங்க கல்லாவைத் தேடித்தான் வர்றாங்க. கல்லாவுல அண்ணன் உக்காந்திருந்தாலும் சரி, தம்பி உக்காந்திருந்தாலும் சரி, காசு வாங்கி வேலை நடக்கும். விஆர்ஆர்பி செய்யிறது இதுதான். ரெண்டு சுவிட்ச்சுக்கும் தனித்தனி முகவரி. அது போக, கல்லா மாதிரி பொதுவா ஒரு முகவரி. கம்ப்யூட்டருக்கு அந்தப் பொது முகவரியை மட்டும் சொல்லி வச்சாப் போதும்.

(திரையில்: ரெண்டு சுவிட்ச், நடுவுல 192.168.10.1)

கல்லாவுல இருக்கிற சுவிட்ச்சுக்கு மாஸ்டர்னு பேரு. 2024-ல வந்த புது விதி ஆவணம் ஆர்எஃப்சி 9568 அதை ஆக்டிவ்னு மாத்திருச்சு, ஆனா நிறைய சுவிட்ச்ல இன்னும் மாஸ்டர்னுதான் காட்டும். மாஸ்டர் விநாடிக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்"னு 224.0.0.18-ங்கிற மல்ட்டிகாஸ்ட் (ஒரே குரல் குழுவுல உள்ள எல்லாருக்கும் கேக்குற) முகவரிக்குக் குரல் கொடுக்கும். மத்த சுவிட்ச், அதாவது பேக்கப், வாயே திறக்காது, கேட்டுக்கிட்டே இருக்கும். மூணு குரல் காணோம்னா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு, தானே போய் உக்காந்துரும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? 256-ல இருந்து பேக்கப்போட ப்ரையாரிட்டியை (கல்லாவுல யார் உக்காரணும்னு நாம கொடுக்கிற எண், பெருசுக்குத்தான் முதலிடம்) கழிச்சு, 256-ஆல வகுக்கணும். ப்ரையாரிட்டி 100-ன்னா 0.609 விநாடி. மொத்தம் ஏறக்குறைய 3.6 விநாடி. ஒண்ணே முக்கால் மணி நேரம் எங்க, இது எங்க!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மேக் முகவரியும், அதாவது நெட்வொர்க் கருவியோட வன்பொருள் முகவரியும், பொதுவானது. 00-00-5இ-00-01-ன்னு ஆரம்பிச்சு, கடைசி ரெண்டு இடத்துல குரூப் நம்பர் (ரெண்டு சுவிட்ச்சையும் ஒரே ஜோடியாச் சேர்க்க நாம கொடுக்கிறது) பதினாறடிமான எண்ணா வரும். குரூப் 10-ன்னா 0ஏ. ஆள் மாறினாலும் மேக் மாறாததால கம்ப்யூட்டரோட ஏஆர்பி டேபிள்ல (எந்த ஐபிக்கு எந்த மேக்னு வச்சிருக்கிற பட்டியல்) எதுவும் மாற வேண்டியதில்ல. புது மாஸ்டர் உக்காந்த உடனே ஒரு ஏஆர்பி அறிவிப்பு அனுப்பும். அதைப் பாத்து கீழ இருக்கிற சுவிட்ச்செல்லாம் "சரி, அந்த மேக் இப்ப இந்தப் போர்ட் பக்கம்"னு திருத்திக்கும்.

இப்ப கான்ஃபிக். நான் சொல்றது சிஸ்கோ பாணி, மத்த கம்பெனி சுவிட்ச்ல சொல் கொஞ்சம் மாறும்.

பழைய சுவிட்ச்ல வி-லான் 10-க்கு 192.168.10.1-ன்னு இருந்துச்சு. கவுண்டர் எல்லாத்துலயும் அதையே கையால அடிச்சு வச்சிருந்தாங்க. 14 மெஷினையும் திறந்து மாத்தத் தேவையே இல்ல. முகவரியோட கடைசி எண்ணை மட்டும் பாருங்க: பழைய சுவிட்ச்சை .2-க்கு மாத்துங்க, புதுசுக்கு .3 கொடுங்க, .1-ஐப் பொது முகவரி ஆக்குங்க. கடை மூடின பிறகு செய்யுங்க, ஏன்னா மாத்துற நேரம் லைன் கொஞ்சம் போகும். எங்களுக்கு ஒரு பழைய பிரின்டர் மட்டும் முரண்டு பிடிச்சுச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் வந்துருச்சு.

(திரையில்: அண்ணன் சுவிட்ச், அதாவது மாஸ்டரா இருக்க வேண்டியது)

இன்டர்ஃபேஸ் வி-லான் 10
ஐபி அட்ரஸ் 192.168.10.2 255.255.255.0
விஆர்ஆர்பி 10 ஐபி 192.168.10.1
விஆர்ஆர்பி 10 ப்ரையாரிட்டி 120
விஆர்ஆர்பி 10 ப்ரீஎம்ப்ட் டிலே மினிமம் 60

தம்பி சுவிட்ச்ல முகவரி 192.168.10.3, அதே குரூப் 10, அதே பொது முகவரி. ப்ரையாரிட்டியைத் தொட வேண்டாம், தானா 100 இருக்கும். சர்வர் வி-லானுக்கும் இதையே தனிக் குரூப் நம்பர்ல போடுங்க, இல்லைன்னா போற வழி இருக்கும், திரும்பி வர்ற வழி இருக்காது.

அந்த 60 விநாடி எதுக்குன்னு கேப்பீங்க. விஆர்ஆர்பியில பெரிய ப்ரையாரிட்டி உள்ள சுவிட்ச் திரும்பி வந்தா உடனே கல்லாவைக் கேட்டு வாங்கிக்கும், இதுதான் ப்ரீஎம்ப்ட். ஆனா இப்பத்தான் எந்திரிச்ச சுவிட்ச்சுக்கு வெளிய போற வழி இன்னும் முழுசாத் தெரிஞ்சிருக்காது. அதோட, நம்ம ஊர்ல கரண்ட் வந்தா ஒரேயடியா வராது, வந்து, போயி, மறுபடி வரும். அம்புட்டு தடவையும் கல்லா கைமாறக் கூடாது. சிஸ்கோவோட சொந்த ஹெச்எஸ்ஆர்பியில இது நேர்மாறு, ப்ரீஎம்ப்ட் நாமளாப் போட்டாத்தான் வரும்.

அடுத்து நான் சொல்றதுல நானே ஒரு தடவை அடிபட்டிருக்கேன். நிதானமாக் கேளுங்க.

அண்ணன் கல்லாவுல இருக்காரு, ஆனா பின்னாடி குடோன் கதவு பூட்டிக்கிடக்கு. வர்றவங்களை உக்கார வைப்பாரு, சரக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. சுவிட்ச் நல்லா இருந்து, இன்டர்நெட் பக்கம் போற ஃபைபர் மட்டும் அறுந்தா நிலைமை இதுதான். வி-லான் 10 பக்கம் "நான் இருக்கேன்"னு குரல் தவறாம வந்துக்கிட்டே இருக்கும். தம்பி அசைய மாட்டான். இதுக்குத்தான் ட்ராக் போடணும். மேல போற போர்ட் விழுந்தா ப்ரையாரிட்டி தானாக் குறையணும்.

நான் ட்ராக் போட்டிருந்தேன். முதல் தடவை அண்ணனுக்கு 110 கொடுத்திருந்தேன், குறைக்க வேண்டிய அளவைச் சொல்லாம விட்டுட்டேன். சொல்லலைன்னா 10 குறையும். ஆடித் தள்ளுபடி நேரத்துல எலி ஃபைபரைக் கடிச்சிருச்சு. 110-ல 10 போனா 100. தம்பிக்கும் 100. சமமா இருந்தா ஐபி பெருசா இருக்கிறது ஜெயிக்கும்னுதானே படிச்சோம், .3 தானே பெருசுன்னு நினைச்சேன். அது ரெண்டு மாஸ்டர் ஒரே நேரத்துல மோதிக்கிட்டா வர்ற விதி. பேக்கப்பா இருக்கிற சுவிட்ச்சுக்கு விதி வேற: வர்ற ப்ரையாரிட்டி தன்னோடதை விடக் குறைவா இருந்தாத்தான் எந்திரிக்கும். சமமா இருந்தா பேசாம இருந்துக்கும். அன்னிக்கு பில்லு ஓடுச்சு, யுபிஐ மட்டும் நின்னுருச்சு. தப்பு என்னோடதுதான்.

(திரையில்: 120 − 30 = 90, தம்பி 100)

ட்ராக் 1 இன்டர்ஃபேஸ் கிகாபிட் 1/0/24 லைன்-ப்ரோட்டோகால்
பிறகு வி-லான் 10-க்குள்ள: விஆர்ஆர்பி 10 ட்ராக் 1 டிக்ரிமென்ட் 30

இன்னொரு ஆபத்து, ரெண்டு பேரும் மாஸ்டர் ஆகிறது. ரெண்டு சுவிட்ச்சுக்கும் நடுவுல இருக்கிற ட்ரங்க்ல (பல வி-லானைச் சுமக்கிற இணைப்பு) வி-லான் 10-ஐ அனுமதிக்க மறந்தாலோ, ஏசிஎல்ல (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கிற பட்டியல்) விஆர்ஆர்பியோட ஐபி ப்ரோட்டோகால் 112-ஐத் தடுத்திருந்தாலோ அண்ணன் குரல் தம்பி காதுல விழாது. ரெண்டு பேரும் கல்லா போட்டு உக்காந்துருவாங்க. லாக்ல ஒரே மேக் ரெண்டு போர்ட்டுக்கும் மாறி மாறிக் குதிக்குதுன்னு வந்தா இதைத்தான் முதல்ல பாருங்க. 'ஷோ விஆர்ஆர்பி ப்ரீஃப்' ரெண்டு பக்கமும் அடிச்சா, ஒண்ணு மாஸ்டர், ஒண்ணு பேக்கப்னு வரணும். ஸ்பேனிங் ட்ரீ (சுவிட்ச்சுகளுக்குள்ள பாக்கெட் சுத்திச் சுத்தி வராமத் தடுக்கிற ஏற்பாடு) ரூட்டையும் அண்ணன் சுவிட்ச்லயே வைங்க. ரெண்டு சுவிட்ச்சையும் ஒரே யுபிஎஸ்ல சொருகிடாதீங்க.

கடைசியா சோதனை. 'ஷட்டவுன்' அடிச்சுப் பாத்துட்டு சரின்னு விட்டுராதீங்க. அப்படி விலகுற மாஸ்டர் ப்ரையாரிட்டி 0-ன்னு சொல்லிட்டுப் போகும், பேக்கப் முக்கால் விநாடிக்குள்ள உக்காந்துரும். கரண்ட் போற சுவிட்ச் சொல்லிட்டுப் போகாது. அதனால கடை மூடினதும் ஒரு கவுண்டர்ல சர்வருக்கு 'பிங் மைனஸ் டி' (நிறுத்துற வரைக்கும் பதில் வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கும்) ஓட விட்டு, அண்ணன் சுவிட்ச்சோட பவர் கார்டை உருவுங்க. ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு 'டைம்ட் அவுட்' வரும், அப்புறம் ஓடணும். கார்டைச் சொருகுங்க, எந்திரிச்ச பிறகும் ஒரு நிமிஷம் காத்திருந்துதான் கல்லாவைத் திரும்ப வாங்குதான்னு பாருங்க. அடுத்து இன்டர்நெட்டுக்கு பிங் போட்டு ஃபைபரை மட்டும் கழட்டுங்க. ஒரு கவுண்டர்ல ஒரு ரூபாய்க்கு யுபிஐ அனுப்பச் சொல்லி, ரசீது வர்ற வரைக்கும் கூடவே நில்லுங்க. வந்துருச்சுன்னா ரெண்டு சுவிட்ச்லயும் 'ரைட் மெமரி' அடிச்சுட்டு ஷட்டரை இறக்கலாம்.