கீரையின் நீரும் மாவின் ஈரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பனகோபிட்டா என்ற கிரேக்கப் பலகாரத்தை வீட்டில் செய்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மெல்லிய மாவுத் தாள்களைத் தட்டில் அடுக்கி, நடுவில் கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்து, மேலே மறுபடியும் தாள்களை மூடி ஓவன் அடுப்பில் சுடுவார்கள். சுட்டதும் சதுரமாக வெட்டிக் கையில் எடுத்துத் தின்ன வேண்டியதுதான். செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: மேலே மொறுமொறுப்பு, கீழே சொதசொதப்பு. தண்ணீர் செய்கிற வேலை அது. கீரையிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும்; மாவுத் தாளிலிருந்து ஈரம் போய்விடாமல் காக்க வேண்டும். இந்த இரண்டும் கைவந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. கிரீஸ் முழுக்க இதைச் செய்கிறார்கள் என்றாலும், இந்த வகைப் பலகாரங்களுக்குப் பேர்போனது நாட்டின் வடமேற்கில் இருக்கும் எபிரஸ் வட்டாரம். பிண்டஸ் மலைத்தொடர், யானினா நகரம், ஸாகோரி கிராமங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் ஆடுகளை ஓட்டிச் சென்ற மேய்ப்பர்கள் வாழ்ந்த பூமி. ஆட்டுப்பாலில் சீஸ், மூட்டையில் மாவு, மலைச்சரிவில் பறித்த கீரை, இவ்வளவுதான் கைவசம். தட்டை அடுப்புத் தரையில் வைத்து, காஸ்திரா என்ற குவிந்த இரும்பு மூடியால் மூடி, அதன் மேல் தணலை வாரிப் போட்டுச் சுட்டார்கள். பறித்ததெல்லாம் உள்ளே போகும்: காஞ்சொறி வகை, புளிப்புக் கீரை, பெருஞ்சீரகத் தழை, இன்னும் என்னென்னவோ. ஒரே கீரையைக் கட்டுக் கட்டாக வாங்கிச் செய்வதைவிட இந்தக் கலவைதான் ருசி என்பது என் கட்சி.

நம் ஊரில் செய்கிறவர்கள் கடையில் பாலக் என்று கேட்டு வாங்குங்கள். கொடிப்பசலை வேண்டாம், அது வழவழப்பு. சிறுகீரையோ தண்டுக்கீரையோ கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. கிரேக்கர்களும் கோடையில் வ்லீதா என்ற கீரையை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அது நம் தண்டுக்கீரையின் சொந்தக்கார வகைதான்.

ஒரு நடுத்தரத் தட்டுக்கு ஒரு கிலோ கீரை எடுங்கள். மலைபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். கீரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். கழுவி, நன்றாக வடியவிட்டு, பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, வாணலியில் வதக்கி, ஆறவிட்டுப் பிழிவது. இன்னொன்று, கிராமத்துப் பாட்டிகள் செய்வது: பச்சையாகவே உப்புத் தூவி, கையால் பிசறி, கால் மணி நேரம் விட்டு, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் பிழிவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நிறம் கெடாது, பச்சை வாசம் நிற்கும், அடுப்பும் தேவையில்லை. போட்ட உப்பில் பெரும்பகுதி பிழிந்த நீரோடு போய்விடும். எந்த வழியானாலும் பிழிவதில் இரக்கம் காட்டாதீர்கள். கை வலித்தால் ஒரு மெல்லிய துணியில் கட்டி முறுக்குங்கள். அந்த மலை இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிவிடும்.

அதோடு வெங்காயத்தாள் ஒரு கட்டு, சதகுப்பைக் கீரை ஒரு கைப்பிடி. சதகுப்பை இல்லாமல் செய்தால் ஏதோ குறைகிறதே என்று தோன்றும், என்னவென்று பிடிபடாது. வெங்காயத்தாளை மட்டும் ஆலிவ் எண்ணெயில் லேசாக வதக்கி ஆறவிடுங்கள். முட்டை மூன்று. மிளகுத்தூள் தாராளமாக. அப்புறம் ஒரு பிடி ரவை. பிழிந்த பிறகும் கீரையில் ஒளிந்திருக்கும் ஈரத்தை ரவை குடித்துவிடும். சிலர் அரிசி போடுவார்கள், சிலர் ரொட்டித்தூள். எல்லாம் அதே காரணத்துக்காகத்தான்.

சீஸ் விஷயத்துக்கு வருவோம். ஃபெட்டா என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் கிரீஸுக்கே உரியது. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், பசும்பாலுக்கு இடமில்லை. குறைந்தது இரண்டு மாதம் பதப்பட வேண்டும். டென்மார்க்கும் ஜெர்மனியும் ‘நாங்களும் அந்தப் பெயரில்தானே விற்கிறோம்’ என்று வழக்காடிப் பார்த்தன. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஒரு பாலாடைக்கட்டிக்காக இத்தனை ஆண்டு நீதிமன்றம் ஏறுவார்களா என்று சிரிக்கலாம்; நிஜ ஃபெட்டாவின் புளிப்பையும் காரசாரத்தையும் ருசித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

300 கிராம் ஃபெட்டா போதும். கத்தியால் வெட்டாமல் கையால் உதிர்த்துப் போடுங்கள். அங்கங்கே பெரிய துண்டு அகப்பட வேண்டும். அது உப்புநீரில் கிடந்த சீஸ், ஆகவே கலவைக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். ஃபெட்டா கிடைக்காத ஊரில் பனீரை உதிர்த்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் துணியில் கட்டி வடித்த தயிரும் கலந்து செய்யலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் ஸ்பனகோபிட்டா என்று சொல்லிப் பரிமாற எனக்கு மனம் வராது.

முட்டை சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலத்தில் கிரேக்கர்கள் முட்டை, பால், சீஸ் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். அப்போதும் பலகாரம் நிற்பதில்லை. கீரை, வெங்காயத்தாள், நிறைய சதகுப்பை, கொஞ்சம் அரிசி, ஆலிவ் எண்ணெய் என்று நோன்புக்கென்றே ஒரு வகை இருக்கிறது.

அடுத்தது மாவுத் தாள். ஃபில்லோ என்று உறைநிலையில் பெட்டியில் விற்கிறார்கள். முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே வைத்து இளக்கினால் தாள்களில் நீர் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்த பிறகோ நேர் எதிரான ஆபத்து: சில நிமிடத்தில் காய்ந்து, தொட்டால் நொறுங்கும். விசிறிக் காற்றில் இன்னும் வேகம், ஆகவே அந்தக் கொஞ்ச நேரம் விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தாள்களின் மேல் ஒரு உலர்ந்த துணி, அதற்கும் மேல் பிழிந்த ஈரத்துணி. ஒவ்வொன்றாக உருவி, மறுபடி மூடுங்கள்.

கையால் தேய்த்த மாவும் உண்டு. அதைக் கிராமத்து ஃபில்லோ என்பார்கள். கொஞ்சம் தடிமன், கடித்தால் மென்மையும் மொறுமொறுப்பும் சேர்ந்து வரும். அரை கிலோ மைதா, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு கரண்டி வினிகர், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவைவிட இளக்கமாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். வினிகரும் இந்த ஓய்வும் சேர்ந்து மாவின் முறைப்பைத் தளர்த்தும், இழுத்தால் திரும்பச் சுருங்காது. பிறகு நீண்ட மெல்லிய கட்டையால், சோளமாவு தூவித் தேய்ப்பார்கள். தினமும் சப்பாத்தி தேய்க்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. கடைத்தாளைத் தேடி அலைவதைவிட இதையே செய்யுங்கள் என்பேன்.

தட்டில் எண்ணெய் தடவி, கீழே ஐந்தாறு தாள், ஒவ்வொன்றின் மேலும் ஆலிவ் எண்ணெய் பூசி அடுக்குங்கள். கைத்தாள் என்றால் இரண்டு போதும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் சதகுப்பையை அமுக்கிவிடும். கலவையைப் பரப்பி, ஓரங்களை உள்ளே மடித்து, மேலே இன்னும் ஐந்து தாள். இப்போது கத்தியால் மேல் தாள்களை மட்டும் சதுரமாகக் கீறிவிடுங்கள். ஆவி வெளியேற வழி வேண்டும். சுட்ட பிறகு வெட்டினால் மேல்பாகம் தூள்தூளாகிவிடும். கடைசியில் விரல்களை நனைத்து மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இவ்வளவு நேரம் தண்ணீரைத் திட்டிவிட்டு இதென்ன என்கிறீர்களா? ஓரத் தாள்கள் சுருண்டு எழாமல் இருக்கத்தான் இந்தத் தெளிப்பு.

180 டிகிரியில், ஓவனின் கீழ்த்தட்டில், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடாமல் ஒரு மூலையைக் கத்தியால் தூக்கிப் பாருங்கள். அடியும் சிவந்திருக்க வேண்டும். எடுத்தபின் மூடி போட்டு மூடாதீர்கள், ஆவி திரும்ப இறங்கி எல்லா உழைப்பையும் நனைத்துவிடும். அரை மணி நேரம் ஆறட்டும். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுகிற பண்டம் இல்லை இது. வெதுவெதுப்பிலும் ஆறிய பிறகும்தான் சீஸும் கீரையும் தனித்தனியாக நாக்குக்குத் தெரியும். ஏதென்ஸ் ரொட்டிக்கடைகளில் காலையில் இதைக் காகிதத்தில் சுற்றி வாங்கி, நடந்துகொண்டே தின்று வேலைக்குப் போவார்கள்.

மிச்சமானால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவில் வைக்காதீர்கள், துவண்டுவிடும். ஓவனில் பத்து நிமிடம், அல்லது தோசைக்கல்லில் சிறு தீயில், மூடாமல்.

வணக்கம்.