தோல்வியையும் பதிலாகத் திருப்பிக் கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ரஸ்ட் என்ற ப்ரோக்ராமிங் மொழியின் ரிசல்ட் பற்றிப் பேசப்போகிறேன். ஸ்க்ரீனில் ஒரே ஒரு சின்ன ப்ரோக்ராம்தான். ஒரு ஃபைலை வரி வரியாகப் படிக்கும், ஒவ்வொரு வரியிலும் இருக்கிற எண்ணை எடுத்துக் கூட்டும், மொத்தத்தைச் சொல்லும். இதை முதலில் சி மொழியில் எழுதி மூன்று வாரம் ஓட்டினேன். ஒரு எர்ரர்கூட வரவில்லை. ஆனால் மொத்தம் தப்பு.

கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எழுத்துகளை எண்ணாக மாற்ற ஏடூஐ என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தேன். அதற்கு '0' என்று கொடுத்தால் பூஜ்யம் வரும். எண்ணே இல்லாத வெறும் எழுத்துகளைக் கொடுத்தாலும் அதே பூஜ்யம்தான் வரும். நிஜமான பூஜ்யத்துக்கும் 'எனக்குப் புரியவில்லை' என்பதற்கும் ஒரே பதில்! வாங்குகிறவன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்? அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு ஃபங்ஷன் தோற்கக்கூடும் என்றால், அது அதன் டைப்பிலேயே, அதாவது என்ன மாதிரியான பதில் தரும் என்ற அறிவிப்பிலேயே, தெரிய வேண்டும்.

எக்ஸப்ஷன் இருக்கிறதே, தப்பு நடந்தால் ஃபங்ஷன் பாதியிலேயே நின்று எர்ரரை மேலே எறியுமே என்று கேட்பீர்கள். பொய்யான பூஜ்யத்துக்கு அது எவ்வளவோ மேல். பைத்தானில் எண்ணாக மாற்றும் இன்ட்டுக்கு வெறும் எழுத்தைக் கொடுத்தால் வேல்யூ எர்ரர் என்று உடனே கத்திவிடும். ஆனால் வேறொருவர் எழுதிய ஃபங்ஷனின் முதல் வரியைப் பார்த்து, உள்ளேயிருந்து என்னென்ன பறந்து வரும் என்று சொல்ல முடியாது. ஜாவாவில் சில எக்ஸப்ஷன்களை த்ரோஸ் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னார்கள். எக்ஸப்ஷனைப் பிடிக்கும் கேட்ச் ஒன்றைக் காலியாகப் போட்டு அதன் வாயை அடைத்த கோடை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோ மொழி விடையையும் எர்ரரையும் ஜோடியாகத் தருகிறது. நேர்மையான வழிதான். ஆனால் இரண்டும் கையில் இருப்பதால், எர்ரரைத் திரும்பிப் பார்க்காமல் விடையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம். ரஸ்ட்டில் ரிசல்ட் என்பது இரண்டில் ஒன்று. ஓகே என்றால் உள்ளே விடை இருக்கும். எர் என்றால் உள்ளே காரணம் இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது. எது வந்தது என்று மேட்ச் போட்டுப் பிரிக்கும்போது ஓகே பக்கத்தை மட்டும் எழுதினால், கோடை ஓடக்கூடிய ப்ரோக்ராமாக மாற்றும் கம்பைலர் விடாது, எர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு நிறுத்தும். வந்த ரிசல்ட்டைத் தொடாமலே அடுத்த வரிக்குப் போனால் வார்னிங் வரும். தயவுசெய்து அந்த வார்னிங்கை அணைத்து வைக்காதீர்கள்.

இது ரஸ்ட் கண்டுபிடித்ததும் இல்லை. ஹாஸ்கெல் மொழியில் ஈதர் என்று முன்பே இருந்தது. அங்கே தோல்வி லெஃப்ட், வெற்றி ரைட். ஆங்கிலத்தில் ரைட் என்றால் வலது, சரி என்று இரண்டு பொருளும் உண்டு, அதனால் அந்தப் பெயர். கோட்லினில் 2018-லும் ஸ்விஃப்ட்டில் 2019-லும் ரிசல்ட் வந்தது. சி++23-இல் எக்ஸ்பெக்டட் என்ற பெயரில் வந்துவிட்டது.

'ஒவ்வொரு இடத்திலும் மேட்ச் எழுதினால் கோட் படிக்க முடியுமா?' நியாயமான கேள்வி. அதற்குத்தான் கேள்விக்குறி. 2016 நவம்பரில் ரஸ்ட் 1.13-இல் வந்தது. ரிசல்ட் தரும் ஒரு அழைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். ஓகே என்றால் விடையைப் பிரித்துக் கொடுக்கும். எர் என்றால் அங்கேயே ஃபங்ஷனை விட்டு வெளியேறி, அழைத்தவரிடம் அந்த எர்ரரை ஒப்படைக்கும். எக்ஸப்ஷனின் வசதி கிடைக்கிறது, அதே சமயம் எந்த வரியில் வெளியேறக்கூடும் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது பாதிதான்.

அப்புறம் அன்ராப், ரிசல்ட்டைப் பிரிக்க இன்னொரு வழி. ஓகே என்றால் விடை, எர் என்றால் பேனிக், அதாவது அங்கேயே ஓட்டம் நின்று விழும். 2025 நவம்பர் 18 அன்று பல தளங்களுக்கு முன்னால் நின்று ட்ராஃபிக்கைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை விழுந்து உலகெங்கும் ஏராளமான தளங்கள் திறக்காமல் போனது நினைவிருக்கும். அவர்களே வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஒரு டேட்டாபேஸ் அனுமதி மாற்றத்தால் ஒரு ஃபைலில் வரிகள் இரட்டித்து வந்தன, ப்ரோக்ராம் வைத்திருந்த 200 என்ற உச்சவரம்பு தாண்டியது, எர் வந்தது, அந்த இடத்தில் அன்ராப் இருந்தது. உடனே 'அன்ராப்பைத் தடை செய்' என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அங்கே கேள்விக்குறி போட்டிருந்தாலும், மேலே யாரோ ஒருவர் 'புது ஃபைல் கெட்டுப்போனால் பழையதை வைத்து ஓட்டு' என்று முடிவு எடுத்திருக்க வேண்டும். அந்த முடிவை எந்த டைப்பும் நமக்காக எடுக்காது. ஒரு எர் வரவே முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் நான் அன்ராப்புக்குப் பதில், ஒரு செய்தியையும் சேர்த்து எழுத இடம் தரும் எக்ஸ்பெக்ட் போட்டு, ஏன் வராது என்ற காரணத்தை அதிலேயே எழுதுகிறேன். காரணம் எழுத வரவில்லை என்றால், எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை என்று அர்த்தம்.

இப்போது நம்ம ப்ரோக்ராம். ரஸ்ட்டில் எழுத்துகளை எண்ணாக மாற்றப் பார்ஸ் என்று எழுதினால் ஏற்கெனவே ரிசல்ட்தான் வருகிறது. எல்லா வரிகளையும் கலெக்ட் செய்து ஒரே ரிசல்ட்டாக்கினேன். அது முதல் தப்பான வரியிலேயே நின்றுவிட்டது. ஃபைலைத் திருத்துகிறவர் பாவம், ஒரு தப்பைத் திருத்தி மறுபடி ஓட்டினால் அடுத்தது, அதைத் திருத்தினால் அதற்கடுத்தது. அதனால் மாற்றி எழுதினேன்: ஓகே எல்லாம் ஒரு பட்டியல், எர் எல்லாம் வரி எண்ணோடு இன்னொரு பட்டியல். எர் பட்டியல் காலியாக இருந்தால் மட்டும் மொத்தம் காட்டும். நிறுத்துவதா, சேர்த்து வைத்துச் சொல்வதா என்பது யார் படிக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

இதோ ஓட்டுகிறேன், அதே பழைய ஃபைல். மொத்தம் வரவில்லை, பட்டியல்தான் வருகிறது. மூன்று வரிகள், மூன்றிலும் யாரோ பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள்.