சின்னமே இல்லாத வாக்குச் சீட்டு

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கட்சிப் பெயர் இல்லாமல் நடக்கும் நகரத் தேர்தல்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உள்ளே நுழையும்போதே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கட்சியே இல்லாமல் தேர்தலா? அப்புறம் போஸ்டர் யாரய்யா ஒட்டுவா?" நியாயமான கேள்விதான்.

நமக்கும் இது அடியோடு புதிது இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரி ஒரு பொதுச் சின்னம் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பூட்டு எந்தக் கட்சிப் பூட்டு என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாநகராட்சி என்று வந்துவிட்டால் நம் ஊரில் கட்சிச் சின்னம் வந்துவிடும். அமெரிக்காவிலோ பல பெரிய நகரங்களில் மாநகர மன்றத் தேர்தலே கட்சிப் பெயர் இல்லாமல்தான் நடக்கிறது. ரோடு போடவும் குப்பை அள்ளவும் கட்சி எதற்கு என்று நூறு வருஷத்துக்கு முன் சீர்திருத்தக்காரர்கள் கேட்டதன் விளைவு அது.

நான் சியாட்டிலை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆகஸ்டில் ஒரு முதல் சுற்று நடக்கும். அதில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் மோதுவார்கள். சீட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், கட்சி இருக்காது. சரி, ஜனம் எதை வைத்து முடிவு செய்யும்? வேட்பாளர்கள் தங்களைப் பற்றி எழுதிய குறிப்புகளைத் தொகுத்து அரசே ஒரு கையேடு அனுப்புகிறது. பத்திரிகைகள் இன்னாருக்குப் போடுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன. தொழிற்சங்கங்களும் வர்த்தக சபையும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கின்றன. ஜனநாயகக் கட்சியின் உள்ளூர்க் கிளைகளும் ஆதரவுத் தீர்மானம் போடுகின்றன. கட்சி சீட்டிலிருந்து மட்டும்தான் இறங்கியிருக்கிறது. ஊரை விட்டுப் போகவில்லை.

2013இல் நடந்ததைக் கேளுங்கள். ரிச்சர்ட் கான்லின் நான்கு முறை வென்று 16 வருஷமாக மன்றத்தில் இருந்தவர். அவரை எதிர்த்து நின்றவர் க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர், பொருளாதாரம் கற்பித்தவர். கட்சியில்லாத தேர்தலில் தன் கட்சி 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' என்று ஊரெல்லாம் உரக்கச் சொன்னார். முதல் நாள் இரவு எண்ணிக்கையில் கான்லின்தான் முன்னிலை. நம் ஊராக இருந்தால் வெடி வெடித்து லட்டும் கொடுத்திருப்பார்கள்.

அங்கே அது நடக்காது. வாக்கு முழுக்கத் தபாலில்தான். தேர்தல் நாள் முத்திரை விழுந்திருந்தால் போதும், உறை பிறகு வந்தாலும் எண்ணுவார்கள். ஒவ்வொரு உறையிலும் கையெழுத்து சரிபார்க்க வேண்டும். கரண்ட் பில் கட்டுவதில் இரண்டு ஜாதி உண்டு இல்லையா? பில் வந்த மறுநாளே கட்டுபவர் ஒருவர், கடைசி நாள் மாலை ஓடுபவர் இன்னொருவர். சியாட்டிலில் இரண்டாவது வகையில் இளைஞர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் அதிகம். அவர்களுடைய உறைகள் பிரியப் பிரிய சாவந்த் ஏறினார். பத்து நாள் கழித்து கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பெயருக்குப் பக்கத்தில் கட்சியும் அச்சாகியிருந்தால்? ஜனநாயகக் கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஊர் அது, கான்லினும் அந்தக் கட்சிக்காரர்தான். சாவந்த் தோற்றிருப்பார் என்பது என் எண்ணம். கட்சி வேண்டாம் என்று வைத்த விதி, கட்சி கட்சி என்று பேசியவருக்கே கதவைத் திறந்தது.

2019இல் பணம் இறங்கியது. வர்த்தக சபையின் தேர்தல் நிதிக்கு அமேசான் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்தது. அதே ஊரில் ஒவ்வொரு வாக்காளருக்கும் தலா 25 டாலர் மதிப்பில் நான்கு நன்கொடைச் சீட்டுகளை நகரமே அனுப்புகிறது. பிடித்த வேட்பாளருக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது! நம் ஊரில் பணம் வேறு திசையில் போகும், அதை விடுங்கள். அந்த முறையும் முதல் இரவில் பின்தங்கிய சாவந்த் கடைசியில் ஜெயித்தார். போட்டியிருந்த ஏழு இடங்களில் வர்த்தக சபை ஆதரித்தவர்கள் இரண்டில்தான் வென்றார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி கண்ணுக்குத் தெரியும்படி பணத்தைக் கொட்டியதே அந்த வேட்பாளர்களுக்கு ஒரு கட்சி முத்திரை குத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

பெரியவரே, போஸ்டருக்கும் பஞ்சமில்லை. மின்கம்பம் மின்கம்பமாக சாவந்தின் சிவப்பு போஸ்டர்தான்.

2021 டிசம்பரில் சாவந்தைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்க வேண்டுமா என்று அவருடைய வட்டாரத்தில் தனி வாக்கெடுப்பு வைத்தார்கள். 40,000க்கு மேல் வாக்குகள் விழுந்தன. அவர் தப்பியது 310 வாக்கில். 156 பேர் மாற்றிப் போட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை அந்த மன்றத்தில் கொண்டுவந்தவர் அவர்தான். ஆறுக்கு ஒன்று என்று நிறைவேறியது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் நகரம் சியாட்டில்.