பாலிமர் சங்கிலியை நடுவில் அறுக்கும் அல்ட்ராசவுண்ட்

வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். என் கையில் இருக்கும் இந்த டைட்டானியம் கம்பியின் நுனி நொடிக்கு 20,000 முறை துடிக்கும், ஆனால் கண்ணால் பார்த்தால் அசைவதே தெரியாது. இந்தத் துடிப்பு திரவத்தில் பரப்பும் ஒலிதான் அல்ட்ராசவுண்ட். இதைப் பாலிஸ்டைரின் என்ற பாலிமரின், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பிளாஸ்டிக்கின், கரைசலில் இறக்கி ஓடவிட்டால், முதலில் குழகுழவென்று மெதுவாக வடிந்த கரைசல், கொஞ்ச நேரம் கழித்து அதே மெல்லிய குழாயில் சரசரவென்று இறங்கும். சங்கிலிகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம்.

எதனால் அறுந்தது? சூடு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். திரவத்தில் உருவாகும் குமிழிகள் நொறுங்கும்போது உள்ளே சுமார் 5,000 கெல்வின் வரை போகும், அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் குடுவையை ஐஸில் வைத்துப் பாருங்கள், இன்னும் வேகமாக அறுகிறது! சூடாக இருந்தால் கரைப்பானின் ஆவி குமிழிக்குள் நிறைந்து, மெத்தை மாதிரி நொறுங்கலைத் தாங்கிவிடுகிறது.

உண்மையில் நடப்பது இழுபறி. குமிழி நொறுங்கும் இடத்தை நோக்கிக் கரைப்பான் பாய்கிறது, அருகில் இருக்கும் சங்கிலி முனை அதோடு ஓடுகிறது, தூரத்து முனை பின்தங்குகிறது, நடுவில்தான் இழுவிசை உச்சம், அங்கேயே அறுகிறது. 2,00,000 மூலக்கூறு எடை உள்ள சங்கிலி ஏறக்குறைய 1,00,000 ஆக இரண்டு துண்டாகும். அப்புறம் அதுவும் பாதியாகும். ஓர் அளவுக்குக் கீழே குட்டையாகிவிட்டால் பிடித்து இழுக்க நீளம் போதாது, அத்தோடு நின்றுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மூர் குழு 2007-இல் வெளியிட்ட வேலை. சங்கிலியின் நடுவே பென்சோசைக்ளோபியூட்டீன் என்ற, இழுத்தால் திறக்கக்கூடிய சிறு வளையத்தை வைத்தார்கள். அதில் சிஸ் (சங்கிலியின் இரு கைகளும் வளையத்தின் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) என்று இரண்டு வடிவம். சூடு காட்டினால் இரண்டும் வேறு வேறு விளைபொருள் தரும், அல்ட்ராசவுண்டில் இரண்டுமே ஒரே பொருளைத் தந்தன. இழுத்தே ஒரு வேதிவினையின் பாதையை மாற்ற முடிகிறது, யோசித்துப் பாருங்கள்!

சரி, நீங்கள் செய்வதாக இருந்தால் கரைசலில் ஆர்கான் வாயுவைச் செலுத்துங்கள், தொடர்ந்து ஓட்டாமல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள், நுனி அரித்துச் சாம்பல் நிறத் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, அதே வளையத்தைச் சங்கிலியின் ஓரத்தில் வைத்தும் ஒரு முறை ஓட்டுங்கள். அங்கேயும் வளையம் திறந்தால் அது இழுவிசை இல்லை, சூடுதான். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன்.